எடைக் கட்டத்தில் இரண்டு எண்கள்

ரெக்கார்டக்காவின் இருபத்திரண்டு வருட சர்வீஸில் ஒரு ஃபைல்கூடத் தொலைந்ததில்லை. அதைச் சொல்லியே அவளைச் சீண்டுவார்கள். "உங்க வீட்டுக்காரரையும் நம்பர் போட்டு அலமாரியில அடுக்கி வெச்சிருப்பீங்க போல" என்பார் லிஃப்ட்காரர். அவளும் சிரித்துவிட்டுப் போவாள். மருத்துவமனையின் ஆவண அறை தரைக்குக் கீழே இருந்தது. ஜன்னல் கிடையாது. எட்டு வரிசை இரும்பு அலமாரி, இரண்டு குழல்விளக்கு, அதில் ஒன்று எப்போதும் கண் சிமிட்டிக்கொண்டிருக்கும். மேலே நோயாளிகள் வந்து போவது அவளுக்குத் தெரியாது. அவளைப் பொறுத்தவரை நோயாளி என்றால் மஞ்சள் அட்டை போட்ட ஃபைல். இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் பின்னால் நடந்ததற்கெல்லாம் வேர் இங்கேதான் இருக்கிறது.

மூன்றாவது மாடியில் உடல் பருமன் சிகிச்சைப் பிரிவு. அதன் பெரிய டாக்டர் ஐந்து வருடமாக நிர்வாகத்திடம் தலைகீழாக நின்று கேட்டது ஒன்றே ஒன்று: நோயாளர் பதிவேடு. யார் வந்தார்கள், என்ன சிகிச்சை கொடுத்தோம், எவ்வளவு குறைந்தார்கள், யார் பாதியில் நின்றுபோனார்கள், எல்லாம் கணினியில் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். "யார் கேட்டாலும் கையை விரிக்க வேண்டியிருக்கு. நாம நல்லது செய்றோமான்னு நமக்கே தெரியல" என்பார். மற்ற பிரிவுக்காரர்கள், "வாயைக் கட்டினாப் போதும், அதுக்கு ஒரு தனி டிபார்ட்மெண்ட்டா" என்று நக்கலடிப்பார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் ஒரே ஒரு நாள் அந்த உடம்பைச் சுமந்துகொண்டு மூன்று மாடி ஏறிப் பார்க்கட்டும். பேச்சு தானாக அடங்கிவிடும்.

கடைசியில் நிர்வாகம் இறங்கி வந்தது. ஒரு வருடத்தில் பதிவேடு தயாராக வேண்டும். அதைப் பார்த்துத்தான் சிகிச்சைப் பிரிவில் எது இருக்கலாம், எதை மூடலாம் என்று நிர்வாகம் அமைத்த ஒரு குழு முடிவெடுக்கும். வேலை ரெக்கார்டக்காவின் தலையில் விழுந்தது. அவள் முணுமுணுக்கவில்லை. சொல்லப்போனால், கேட்டு வாங்கிக்கொண்டாள். காரணம் வீட்டில் இருந்தது.

அவள் கணவர் பஸ் டிரைவராக இருந்தவர். ஸ்டியரிங் வயிற்றில் இடிக்கத் தொடங்கியதும் டெப்போவில் உட்கார வைத்தார்கள். பிறகு வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள். இப்போது படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்குகிறார். நாற்காலியிலிருந்து குளியலறைக்குப் பதினோரு எட்டு. நடுவில் இரண்டு இடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுதான் போவார். அந்தப் பிரிவில் நோயாளிகளை மூன்றாகப் பிரித்திருந்தார்கள். அவர் மூன்றாம் பிரிவு, அதாவது மிகக் கனத்தவர்கள், அறுவை சிகிச்சை தேவைப்படுகிறவர்கள். "இந்த வருஷத்துக்குள்ள செஞ்சாகணும்மா. இதயம் ரொம்ப நாள் தாங்காது" என்று பெரிய டாக்டர் சொல்லியிருந்தார். வருடக் கடைசியில் ஒரு பதினான்காம் தேதியையும் கொடுத்திருந்தார்கள். பதிவேடு ஒழுங்காக அமைந்தால் பிரிவு பிழைக்கும், பிரிவு பிழைத்தால் மனிதர் பிழைப்பார். அவள் கணக்கு அவ்வளவுதான்.

ஆயிரத்து நூற்று நாற்பது ஃபைல்கள். உதவிக்கு ஓய்வுபெற்ற ஒரு டைப்பிஸ்ட் வந்தார். கீபோர்டைப் பழைய தட்டச்சு மெஷின் என்று நினைத்துக்கொண்டு இடி இடிப்பார். மேஜை மேலிருக்கும் டம்ளர் ஆடும். இருவரும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வேலை பார்த்தார்கள்.

மூன்றாம் பிரிவு ஃபைல்களைத் தொட்டபோதுதான் அந்தச் சங்கதி வந்தது. முதல் நாள் எடை என்ற கட்டத்தில் இரண்டு எண்கள், நடுவில் ஒரு சாய்கோடு. 98/101. 94/92. கணினியிலோ எண்ணுக்கு ஒரே கட்டம். இரண்டு முறை நிறுத்திப் பார்த்திருப்பார்கள் என்று ரெக்கார்டக்கா நினைத்தாள். தானாக முடிவு செய்யக் கூடாது என்று பெரிய டாக்டரைப் பிடிக்க மேலே போனாள். அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு நடையில் வேகமாகப் போய்க்கொண்டிருந்தார்.

"டாக்டர், எடையில ரெண்டு ரெண்டா இருக்கு. எதைப் போடறது?"

"முதல்ல இருக்கறதைப் போடுங்கம்மா" என்றார் அவர், நிற்காமலே. பல தடவை வந்தவர்களின் எடையைப் பற்றிக் கேட்கிறாள் என்று அவருக்கு நினைப்பு.

அவள் கீழே வந்து டைப்பிஸ்ட்டிடமும் அதையே சொன்னாள். முன்னால் இருப்பதைப் போடுங்கள். அறுபத்து நான்கு பேருக்கும் அப்படியே போட்டார்கள். அதில் ஒரு ஃபைல் அவள் கணவருடையது. அதை மட்டும் அவள் திறக்கவில்லை. "என் ஃபைலை மட்டும் நீ பார்க்கக் கூடாது" என்று அவர் சத்தியம் வாங்கியிருந்தார். எடை பார்க்கும் அறைக்குள்ளும் ஒரு நாளும் அவளை விட்டதில்லை. "வெளிய உக்காரு, வந்துடறேன்" என்று கதவைச் சாத்திக்கொள்வார். டைப்பிஸ்ட்டிடம் ஃபைலைத் தள்ளிவிட்டு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சத்தியம் என்றால் சத்தியம்தான் அவளுக்கு.

ஒருவருக்கு முதல் நாள் 98, இரண்டு வருடம் கழித்து 142 என்று இருக்கும். அவளுக்குச் சந்தேகம் வரவில்லை. அடப்பாவமே, இவர்களுக்கும் ஏறிக்கொண்டுதான் போகிறது என்று நினைத்தாள். வீட்டில் அவள் கண்ணால் பார்ப்பதும் அதுதானே.

ஏற்றி முடித்த காகிதங்களைக் கூழாக்க அனுப்ப வேண்டும் என்பது நிர்வாகத்தின் உத்தரவு. அலமாரி வேறு பிரிவுக்குத் தேவைப்பட்டது. மூட்டை மூட்டையாகக் கட்டி, ஒவ்வொரு மூட்டைக்கும் கையெழுத்துப் போட்டு அவளே அனுப்பி வைத்தாள். நோயாளிகளின் ரகசியம் வெளியே போகக் கூடாது என்று, தனித்தனி விவரங்களைப் பார்க்கும் கடவுச்சொல்லை அவளிடம் மட்டுமே கொடுத்திருந்தார்கள். டாக்டருக்கும் குழுவுக்கும் போனது சராசரிகளும் வரைபடங்களும்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் குழுவின் கடிதம் வந்தது. முதல் இரண்டு பிரிவுகளும் நன்றாகச் செயல்படுகின்றன. மூன்றாம் பிரிவில் சிகிச்சைக்குப் பின் சராசரி எடை முப்பத்தெட்டு கிலோ கூடியிருக்கிறது. ஆகவே அடுத்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து மூன்றாம் பிரிவு மூடப்படும். வியாழக்கிழமைக் கூட்டத்தில் இது உறுதி செய்யப்படும். பெரிய டாக்டரின் முகத்தில் ஈயாடவில்லை. "இருக்கவே முடியாது" என்று நாலு தடவை சொன்னார். ஏன் முடியாது என்று காட்ட அவரிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. பதிவேடு வேண்டும், பதிவேடு வேண்டும் என்று கேட்டவரும் அவர்தானே.

அதே மாதம் பதினான்காம் தேதிக்குக் குறித்திருந்த கணவரின் அறுவை சிகிச்சை கைவிட்டுப் போனது ரெக்கார்டக்காவுக்குப் புரிந்தது. அதை வீட்டில் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் மென்று முழுங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கணவருக்குக் கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். அவரால் குனிய முடியாது. தரையில் உட்கார்ந்து, அவர் பாதத்தை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, தலையைத் தூக்காமலே சொல்லிவிட்டாள்.

அவர் நிமிர்ந்து உட்காரப் பார்த்தார். பிறகு, "முப்பத்தெட்டு கிலோ ஏறிடுச்சா? யாருக்கு?" என்றார்.

"எல்லாருக்கும் சேர்த்து, சராசரி."

"அது எப்படி? லாரிக்காரர் ஒருத்தர் வருவாரு. என்னைவிட அதிகமா இருந்தவரு. இப்ப ஒத்த மெஷின்ல நிக்கறாரே."

அவள் கை நின்றது. "ஒத்த மெஷின்னா?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "விடு, ஒண்ணுமில்ல."

"சொல்லுங்க. ஒத்த மெஷின்னா என்ன?"

அவள் விடவில்லை. அவர் வாயைக் கிளறி அதை வெளியே எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. "அந்த மெஷின் நூத்தம்பது கிலோவரைதான் காட்டும். எங்களை மாதிரி ஆளுங்களுக்குப் பத்தாது. ரெண்டு மெஷினைப் பக்கத்துல பக்கத்துல போடுவாங்க. இந்தக் கால் ஒண்ணுல, அந்தக் கால் ஒண்ணுல." அவள் மடியிலிருந்த பாதத்தை அவர் இலேசாக அசைத்துக் காட்டினார். "சிஸ்டர் ரெண்டையும் எழுதிக்குவாங்க. கூட்டினாத்தான் நம்ம எடை. குறைஞ்சு நூத்தம்பதுக்குக் கீழ வந்தா ஒத்த மெஷின். அங்க அதுதான் எல்லாருக்கும் கனவு."

அவளுக்குத் தலையில் இடி விழுந்தது போலிருந்தது. 98/101 என்பது தொண்ணூற்றெட்டு இல்லை. நூற்றுத் தொண்ணூற்றொன்பது. அந்த நோயாளி நூற்று நாற்பத்திரண்டுக்கு வந்தது ஏறியதால் இல்லை. ஐம்பத்தேழு கிலோ குறைந்ததால். யார் நன்றாகத் தேறினார்களோ அவர்களையெல்லாம் அவள் கெட்டுப்போனவர்களாக எழுதி வைத்திருக்கிறாள். காகிதத்தையும் தன் கையெழுத்தோடு கூழுக்கு அனுப்பிவிட்டாள். நகவெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் அழுதாள். அவர் என்ன ஏது என்று தெரியாமல் அவள் தலையைத் தொடப் பார்த்தார். கை எட்டவில்லை.

திங்கட்கிழமை காலை பெரிய டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். "நீங்க கேட்டீங்க. நான் நின்னு கேக்கல" என்றார். அதற்குப் பதில் அவர் கத்தியிருக்கலாம்.

பிறகு குழுவில் இருந்த புள்ளிவிவரக்காரரைப் போனில் கூப்பிட்டுப் பேசினார்கள். கல்லைப் போன்ற ஆள். "காகிதம் இல்ல. நீங்களா ஒரு எண்ணைக் கூட்டிப் போட்டா நான் எப்படி நம்பறது?" என்றார். அவர் கேட்டதிலும் தப்பில்லை. ரெக்கார்டக்காவுக்கு அப்போதுதான் ஒன்று தோன்றியது.

"சார், முன்னால எழுதற எண் இடது காலோடது, அது கம்ப்யூட்டர்ல இருக்கு. அது என்னன்னு நாங்க சொல்லாம நோயாளிகளைக் கேக்கறோம். முதல் நாள் ரெண்டு கால்லயும் என்ன காட்டுச்சுன்னு. அவங்க சொல்ற இடது கால் எண் எங்ககிட்ட இருக்கறதோட பொருந்தினா, வலது காலையும் நம்பலாமில்ல?"

"ரெண்டு வருஷம், மூணு வருஷம் முன்னாடி பார்த்த எண் யாருக்கு ஞாபகம் இருக்கும்?" என்றார். கடைசியில் ஒத்துக்கொண்டார். இன்னொருவர் கூட இருந்து கேட்க வேண்டும். பொருந்தாதவர்களின் பதிவு ரத்து. அவர்கள் புதிதாகப் பதிந்து வரிசையில் கடைசிக்குப் போக வேண்டும். வியாழன் காலை பத்து மணிக்குள் முடிய வேண்டும்.

எடை அறை சிஸ்டர் கீழே இறங்கி வந்தாள். ஆவண அறைக்குள் அவள் கால் வைத்தது அதுவே முதல் தடவை. ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு இருவரும் அழைக்கத் தொடங்கினார்கள்.

யாருக்கு ஞாபகம் இருக்கும் என்று அந்த மனிதர் கேட்டாரே. அநேகமாக எல்லோருக்கும் இருந்தது. முதலில் எடுத்த பெண், கேள்வி முடிவதற்குள், "தொண்ணூத்தி நாலு, தொண்ணூத்தி ரெண்டு" என்றாள். "அதையெல்லாம் யாராவது மறப்பாங்களா?" என்று அவளே கேட்டாள். ஒருவர், "பசங்க பக்கத்துல இருக்காங்க, பத்து நிமிஷம் கழிச்சுக் கூப்பிடுங்க" என்றார். கூப்பிட்டபோது குசுகுசுவென்று சொன்னார். அந்த லாரிக்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார். ஒரு வீட்டில் ஓர் அம்மா எடுத்து, மகன் போய் ஐந்து மாதம் ஆகிறது என்றாள். சிஸ்டர் போனை வைத்துவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பதிவேட்டில் அவன் பாதியில் நின்றுபோனவன் என்றுதான் இருந்தான்.

புதன்கிழமை மாலை நான்கு மணிக்கு அறுபத்து மூன்று பேர் முடிந்திருந்தார்கள். மீதி ஒருவர். திரையில் அவருடைய பதிவு எண் இருந்தது, பக்கத்தில் இடது காலுக்கு 101. சத்தியத்தை மீறி அவள் பார்த்த முதல் எண் அது. ரெக்கார்டக்கா வீட்டுக்கு போன் போட்டாள்.

"ஏங்க, நான்தான். ஆஸ்பத்திரி விஷயமாக் கூப்பிடறேன். சிஸ்டரும் பக்கத்துல இருக்காங்க. முதல் நாள் எடை பார்த்தப்போ ரெண்டு மெஷின்லயும் என்ன காட்டுச்சு?"

மூச்சிரைக்கும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "எண்பத்தி ரெண்டு. எண்பத்தி அஞ்சு" என்றார்.

சிஸ்டர் திரையைப் பார்த்தாள். அப்புறம் தரையைப் பார்த்தாள்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சுத்தான் சொல்றேன். எண்பத்தி ரெண்டு, எண்பத்தி அஞ்சு."

ஊர் பேர் தெரியாதவர்கள் அநேகமாக எல்லோரும் உண்மையைச் சொன்னார்கள். கட்டிய மனைவியிடம் இந்த மனிதர் பொய் சொல்கிறார். அந்தப் பொய் அவரை வரிசையின் கடைசியில் கொண்டுபோய் நிறுத்தப் போகிறது, அதுவரை அந்த இதயம் தாங்காது. நூற்றியொன்று என்று அவள் வாய்வரை வந்தது. சொல்லியிருந்தால் சிஸ்டர் காட்டிக்கொடுத்திருக்க மாட்டாள். ஆனால் மற்ற அத்தனை பேரின் எண்ணும் அந்த ஒரு விதியின் மேல்தான் நின்றுகொண்டிருந்தது. கோபம் வந்தது அவளுக்கு. முப்பது வருடம் சேர்ந்து வாழ்ந்து, நகம் வெட்டி, முதுகு தேய்த்து, இன்னும் என்னிடம் என்ன வெட்கம் என்று கத்த வேண்டும் போலிருந்தது. கத்தவில்லை.

"ஏங்க, எனக்குச் சொல்ல வேணாம்" என்றாள். "நான் வெளிய போறேன். சிஸ்டர்கிட்ட மட்டும் சொல்லுங்க. நான் கேக்க மாட்டேன், பார்க்கவும் மாட்டேன்."

ஸ்பீக்கரை அணைத்து, போனைச் சிஸ்டர் கையில் கொடுத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு நடையில் நின்றாள். மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த ஆள், "என்னக்கா, உங்க ரூம்ல இருந்தே உங்களை வெளிய தள்ளிட்டாங்களா" என்று கேட்டுவிட்டுப் போனான். வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது.

"பொருந்துது" என்றாள் சிஸ்டர். அவள் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "நானே உள்ள ஏத்திட்டேன்க்கா. நீங்க பார்க்க வேணாம்."

வியாழக்கிழமை குழுவின் முன் ரெக்கார்டக்கா நின்றுகொண்டே படித்தாள். அறுபத்து நான்கில் ஐம்பத்தேழு பொருந்தின, மூன்று பொருந்தவில்லை, இருவர் இறந்துவிட்டார்கள், இருவர் கிடைக்கவில்லை. கூட்டிப் பார்த்தால் மூன்றாம் பிரிவின் சராசரி நாற்பத்தேழு கிலோ குறைந்திருக்கிறது. மூன்று பிரிவிலும் அதுதான் அதிகம். புள்ளிவிவரக்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நான் இதை ஏத்துக்கறேன்" என்றார். ஒரு நிமிடம் அவளுக்கு உயிர் வந்தது.

குழுத் தலைவர் அம்மாள் மெதுவாகப் பேசினார். பிரிவை மூடவில்லை. ஆனால் ஒரு பதிவேட்டை நம்பி ஏற்கெனவே ஒரு முறை ஏமாந்தாகிவிட்டது. எல்லோரையும் மறுபடி வரவழைத்துப் புதிய எடை மெஷினில் நிறுத்தி, ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் அடுத்த அறுவை சிகிச்சை. அதுவரை கொடுத்த தேதிகள் எல்லாம் நிறுத்தம்.

"தப்பு என்னோடது" என்றாள் ரெக்கார்டக்கா. "என்னை வேலையை விட்டு எடுங்க. தேதியை எடுக்காதீங்கம்மா."

"உங்க மேல நடவடிக்கை தனியா வரும்" என்றார் தலைவர் அம்மாள். குரலில் கடுமையே இல்லை. பெரிய டாக்டர் மேஜையைத் தட்டிக் கத்தினார். கூட்டக் குறிப்பில் அதையும் எழுதிக்கொண்டார்கள்.

அவள் வீட்டுக்கு வந்தபோது அவர் நாற்காலியில் இருந்தார். அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசலில் நின்றே சொல்லி முடித்தாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

"நீ அந்த எண்ணைப் பார்த்தியா?" என்றார்.

"வலது கால் எண்ணைப் பார்க்கல."

"நூத்தி நாலு" என்றார். "மொத்தம் இருநூத்தி அஞ்சு. நீதான் கணக்கைச் சரியா வெச்சிருக்கறவ, உனக்குத் தெரியட்டும்." மூச்சு வாங்கியது. கொஞ்சம் நிறுத்தி மறுபடி பேசினார். "உன்னை ஒரு நாள், ஒரே ஒரு நாள் அந்த ரூமுக்குள்ள விட்டிருந்தா, ரெண்டு மெஷினையும் நீ பார்த்திருப்பே இல்ல?"

இல்லை என்று சொல்ல அவளுக்கு ஆசையாக இருந்தது.

"பார்த்திருப்பேங்க" என்றாள்.

"அடுத்த தடவை உள்ள வா" என்றார் அவர்.

அவள் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டாள். அடுத்த தடவை ஆறு மாதம் கழித்து. ஆறு மாதத்தைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.